காவடி வீட்டுக்குள் ஆடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் முருகனைக் கும்பிடுகிறவன்தான். தினமும் விளக்கேற்றி அரை மணிநேரம் ஜபம், அதோடு சரி. சாலை எல்லாருக்கும் பொது. பக்தியை வீட்டோடும் கோயிலோடும் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லையே? சாமியே கும்பிடாத நீங்கள் இதற்கு வாதாடுவதுதான் வேடிக்கை.

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியில் ஊசி வைத்திருக்கிறீர்கள். குத்தட்டும். நான் கோயிலுக்குப் போவது பெரும்பாலும் அன்னதானத்துக்குத்தான்.

சாலை பொது என்பதில் நமக்குள் வழக்கில்லை. விட்டுக்கொடுக்காமல் இந்த ஊரில் குடித்தனம் நடத்த முடியாது. 1968ல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. 1973ல் ஊர்வலத்தில் இசைக்குத் தடை வந்தது. 2016ல்தான் வழியில் சில இடங்களில் மேளம் திரும்பியது. எழுபதுகளில் பள்ளிவாசல்கள் ஒலிபெருக்கிகளை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டன, பாங்கு வானொலிக்குப் போனது. யாரும் கொடுக்காமல் இல்லை.

நான் உங்களோடு முரண்படுவது அந்த ‘வீட்டோடு’ என்ற சொல்லில். எல்லாருடைய பக்தியும் ஒரே அளவு இடம் கேட்பதில்லை. கண்மூடி ஜபம் செய்யும் உங்களுக்கு இந்த விதி சுண்டைக்காய். காவடி எடுப்பவர் என்ன செய்வார்? நான்கறை வீட்டில் கதவு நிலையிலேயே மயிற்பீலி மாட்டிக்கொள்ளும். அவர் நேர்ந்துகொண்டதே பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடப்பதாக. எல்லாருக்கும் ஒரே விதி என்கிறீர்கள், ஆனால் பாரம் முழுவதும் அவர் தோளில்தான் இறங்குகிறது. (தோளில் ஏற்கெனவே வேண்டியது இருக்கிறது!)

நானும் புனிதனல்ல. சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் சீன ஆன்ட்டி இறந்தவர்களுக்காகக் கீழே காகிதம் எரிப்பார். சாம்பல் பறந்து வந்து மூங்கில் கழியில் காயும் என் வேட்டியில் ஒட்டும். முணுமுணுத்துக்கொண்டே உதறுவேன். அதே ஆன்ட்டி வாட்டர்லூ ஸ்திரீட்டில் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலுக்குப் போனால், அடுத்த வாசலில் இருக்கும் நம் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அவரிடம் போய் “வீட்டுக்குள் எரித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எரிக்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்கிறார், சில நாள்.

மேளம் மிஞ்சினால் அது வேறு பேச்சு. வரும் தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு தண்ணீர்ப்பந்தல் பக்கம் நிற்பேன். எந்த இடத்தில் காது வலிக்கிறது என்று நேரில் காட்டுங்கள். அதில் என் மனம் மாற இடமிருக்கிறது.

அன்புடன்.