ஹாம்லெட்: வஞ்சகமும் பழியும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், வஞ்சகத்தை அடியோடு வெறுக்கும் இளவரசனே பித்தனாக நடித்தும் பொய்க்கடிதம் எழுதியும் காரியம் சாதிக்கிறான். இது முரண் இல்லையா?

பதில்: முரண்தான், ஆனால் ஷேக்ஸ்பியர் தெரிந்தே உண்டாக்கிய முரண். டென்மார்க்கின் பழங்கதைகளை லத்தீனில் எழுதிவைத்த சாக்ஸோ கிராமட்டிகஸ் சொல்லும் மூலக்கதையில், அண்ணனைத் தம்பி கொன்றது ஊரறிந்த செய்தி. மகன் ஆம்லெத் உயிர் பிழைப்பதற்காகவே பித்தனாக நடிக்கிறான். பின்னர் பழிதீர்த்து அரசனாகவும் ஆகிறான். 1600-ஐ ஒட்டித் தம் நாடகத்தை எழுதிய ஷேக்ஸ்பியரோ அந்தக் கொலையை இரகசியமாக்கிவிட்டார். தோட்டத்தில் உறங்கிய மன்னரின், அதாவது ஹாம்லெட்டின் தந்தையின், காதில் தம்பி கிளாடியஸ் நஞ்சை ஊற்றிக் கொன்று, தானே அரசனாகிறான். பாம்பு தீண்டி இறந்தார் என்று நாடே நம்புகிறது. உண்மையைச் சொல்ல வருவது இறந்த மன்னரின் ஆவி மட்டுமே. அதுவும் தன்னைக் கெடுக்க வந்த பேயாக இருக்கலாமோ என்று ஹாம்லெட் அஞ்சுகிறான். ஆகவே வாளை உருவுவதற்கு முன் அவன் துப்பறிய வேண்டியிருக்கிறது. அந்தக் கொலையை ஒத்த ஒரு நாடகத்தை அரண்மனையில் நடிக்கவைத்து, கிளாடியஸின் முகம் மாறுகிறதா என்று கவனிக்கிறான்.

சுற்றியிருப்பவர்களும் அப்படித்தான். பாரிஸிலிருக்கும் சொந்த மகன் லேயர்டீஸையே வேவு பார்க்க ஆளனுப்பும் அரசவை ஆலோசகர் பொலோனியஸ், திரைக்குப் பின் ஒளிந்து ஒட்டுக்கேட்கும்போது, உள்ளே இருப்பது அரசன் என்று எண்ணிய ஹாம்லெட்டின் வாளால் மடிகிறார். ஆனாலும், கிளாடியஸ் கொடுத்தனுப்பிய கடிதத்தை ஹாம்லெட் மாற்றி எழுதி, அதைச் சுமந்து சென்ற தன் பழைய நண்பர்கள் இருவரை இங்கிலாந்தில் சாகவைத்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தாங்கள் சுமந்து சென்றது ஹாம்லெட்டின் மரண உத்தரவு என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு நாடகத்தில் தெளிவான சான்று இல்லை.

கேள்வி: தந்தை பொலோனியஸின் சாவுக்குத் தயங்காமல் பழிவாங்கத் துணியும் லேயர்டீஸ், ஹாம்லெட்டைவிட மேலானவன் அல்லவா?

பதில்: வேகத்தில் மேலானவன். தேவாலயத்திற்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். அந்த வேகமே ஹாம்லெட்டைக் கொல்ல ஏற்பாடாகும் வாள்போட்டியில் அவனைக் கிளாடியஸின் கைக்கருவியாக்குகிறது: முனை மழுங்காத வாள், அதில் லேயர்டீஸே பூசும் நஞ்சு, அதுவும் தவறினால் நஞ்சு கலந்த கோப்பை. போட்டியின் நடுவே வாள்கள் கைமாற, இருவர் உடலிலும் நஞ்சு ஏறுகிறது. கோப்பையை ஹாம்லெட்டின் தாயான அரசி குடித்துவிடுகிறாள். சாகும் தறுவாயில் லேயர்டீஸ், எல்லாவற்றுக்கும் அரசனே காரணம் என்று சபையறியச் சொன்ன பிறகுதான் ஹாம்லெட் கிளாடியஸைக் குத்துகிறான். அப்போதும் சபையோர் ‘துரோகம்! துரோகம்!’ என்றே கூவுகிறார்கள். ஏனெனில், முதிய மன்னர் எப்படி இறந்தார் என்பதை அதுவரை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மிஞ்சிய நஞ்சைக் குடித்துத் தானும் சாக முனையும் நண்பன் ஹொரேஷியோவை ஹாம்லெட் தடுத்து, உயிரோடிருந்து நடந்ததை உலகுக்குச் சொல்லும்படி வேண்டுவது அதனால்தான்.