ஆன் ஆர்பர் சனிக்கிழமைகள்: கேள்வி பதில்

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு. பல்கலைக்கழக அணியின் அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்கப் போகிறது, புதிதாக வந்தவர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்திலேயே ஒன்று: ஸ்டேடியத்துக்குள் பை கொண்டு போக முடியாது. முதுகுப்பை, கைப்பை எதுவும்.

புதிதாக வந்த எம்.எஸ். மாணவர்: அண்ணா, எல்லோரும் சனிக்கிழமையைப் பற்றியே பேசுகிறார்கள். அப்படி என்ன அதில்?

2020 கணக்கெடுப்பின்படி இந்த ஊரின் மக்கள்தொகை 1,23,851. ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட இன்னொரு ஊரே சனிக்கிழமை வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1927-ல் கட்டியது. பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் தெருவிலிருந்து பார்த்தால் இதுவா அது என்று தோன்றும். வாசலைத் தாண்டியதும் காலுக்குக் கீழே பெரிய கிண்ணம் மாதிரி விரியும். முதல்முறை பார்த்தபோது நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

1975 நவம்பரிலிருந்து இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம்; கோவிட் வந்த 2020 மட்டும் விலக்கு. 2013-ல் நோட்ரே டாம் அணி வந்தபோது 1,15,109 பேர். ஆட்டத்தன்று காலையிலிருந்தே வீட்டு முன்புல்வெளியெல்லாம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும், அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்பார்கள், தெருவெங்கும் கிரில் புகை. ஆட்டம் புரியாவிட்டாலும் ஒருமுறை போங்கள். பேண்டு வாத்தியக் குழு உள்ளே நுழைவதற்கு முன்பே இடத்தில் இருங்கள்.

அதே மாணவர்: விதிகள் ஒன்றும் தெரியாதே?

நான்கு முயற்சி, 10 யார்டு. அதற்குள் அவ்வளவு தூரம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. மீதி பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தருவார், கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: என் மகன் சனிக்கிழமை ராத்திரி போனே எடுப்பதில்லை தம்பி. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. இங்கே பகல் 12 மணி ஆட்டம் என்றால் உங்களுக்கு இரவு 9:30. நவம்பரில் கடிகாரம் மாற்றிய பிறகு 10:30. ஆட்டம் மூன்றரை மணி நேரம் போகும். லட்சம் பேர் கூடும் இடத்தில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. உங்களுக்கு ஞாயிறு காலை விடிந்ததும் கூப்பிடுங்கள், எடுப்பான்.

இளங்கலை மாணவி: லேப்டாப் பையோடு நேராக வகுப்பிலிருந்து வரலாமா அண்ணா?

வர முடியாது. அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்: பக்கத்து வீட்டில் கார் நிறுத்திவிடும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கையில் காசு தருவார்களாம்.

வேண்டாம். வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. வளாகத்துக்குள் என்றால் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்வரை செய்யலாம். எது எதில் சேரும் என்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஆய்வு மாணவர்: டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) சம்பளத்தில் மாதம் தள்ளுகிறேன். ஃபுட்பால் ஆடும் பதினெட்டு வயதுப் பையன்களுக்குப் பல்கலைக்கழகமே லட்சக்கணக்கில் டாலர் தருவது நியாயமா?

நியாயம் என்றே நினைக்கிறேன். பல பத்தாண்டுகளாகத் தொலைக்காட்சிப் பணம் வந்தது, பயிற்சியாளர்கள் கோடிகளில் வாங்கினார்கள். முட்டியை உடைத்துக்கொள்ளும் பையன் மட்டும் தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது என்றார்கள். 2021 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம், கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு எதிரான ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 1 முதல் விளம்பர வருமானத்துக்கு வழி திறந்தது. 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற சமரசத்தால், கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானது; முதல் வருடமான 2025-26-ல் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர் என்பது உச்சவரம்பு.

உங்கள் கஷ்டம் உண்மை. 2023-ல் இதே வளாகத்தில் உங்கள் ஜி.இ.ஓ. (டி.ஏ. போன்ற மாணவ ஊழியர்களின்) சங்கம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துதான் சம்பள உயர்வு வாங்கியது. உழைப்புக்குக் கூலி என்று நீங்கள் கேட்டதைத்தானே அந்தப் பையன்களும் கேட்டார்கள்?

முன்னாள் மாணவர்: பணம் வந்ததும் விசுவாசம் போயிற்று. வீரர்கள் வருடத்துக்கு ஒரு காலேஜ் மாறுகிறார்கள்.

எனக்கும் வலிக்கிறது. பெயர் மனதில் பதிவதற்குள் போய்விடுகிறார்கள். ஆனால் நம் பயிற்சியாளராக இருந்த ஹார்பாவை நினைத்துப் பாருங்கள். சீசனின் 15 ஆட்டங்களிலும் தோற்காமல் 2024 ஜனவரியில் தேசியக் கோப்பையை வென்றார், அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். நாமெல்லாம் வாழ்த்தி அனுப்பினோம். பெரியவர் போனால் முன்னேற்றம், பையன் போனால் துரோகமா?

ஆய்வு மாணவர் மறுபடி: அப்படியானால் வெளிநாட்டு வீரர்களுக்கும் கிடைக்க வேண்டுமே?

கட்டாயம் கிடைக்க வேண்டும். எஃப்-1 விசாவின் வேலை விதிகளால் அதே அணியில் அதே பயிற்சி எடுப்பவர்கள் இந்தப் பணத்தைத் தொடத் தயங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய குறை அதுதான். இதைப் பற்றி இன்னும் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில் மேலே இருப்பதுதான்.

மூன்று பேர் கேட்டது: வாட்ஸ்அப்பில் ஒருவர் மாணவர் டிக்கெட் விற்கிறார், வாங்கலாமா?

முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். மாணவர் டிக்கெட்டில் வெளியார் அப்படியே உள்ளே போகவும் முடியாது. போன வருடம் ஒரு பையன் வாசலில் கண்ணீரோடு நின்றதைப் பார்த்தேன்.

புது மாணவி: என்ன நிறச் சட்டை?

மக்காச்சோள மஞ்சள் அல்லது நீலம். நம் பரம எதிரி அணியான ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடும் வாரத்தில் சிவப்பு வேண்டாம், அது அவர்கள் நிறம். அந்த வாரம் அவர்கள் வளாகத்தில், மிச்சிகனின் முதல் எழுத்து என்பதால், எம் எழுத்தையெல்லாம் சிவப்பு நாடாவால் அடித்து வைப்பார்கள். அப்படியும் 2024-ல் அங்கேயே போய் 13-10 என்று ஜெயித்தோம்.

பெயர் சொல்லாதவர்: சின்னக் கைப்பை?

முதல் பத்தியைப் படியுங்கள்.

இல்லத்தரசி ஒருவர்: எனக்கு ஆட்டமே பிடிக்காது. சனிக்கிழமை காய்கறி வாங்க எப்போது போவது?

பகல் ஆட்டம் என்றால் ஏழு மணிக்கே கெரிடவுன் சந்தைக்குப் போய்விடுங்கள், தக்காளியும் சோளமும் நன்றாக இருக்கும். தாமதமாகிவிட்டால் ஆட்டம் தொடங்கும்வரை பொறுங்கள். தொடங்கியதும் தெருவும் கடையும் காலியாகிவிடும். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். அதற்கப்புறம் ஸ்டேடியம் தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும்.