கொம்பு சுட, குளம்பு வெட்ட மாட்டை கரண்ட் வெச்சு அசையாம நிறுத்துற மெஷின் வாங்கலாமா?

வாங்காதீங்க. அவசரத்துல இருக்கவங்க இதோட போயிடலாம், ஏன்னு கேக்கறவங்களுக்கு தான் மீதி.

நீங்க கேட்டிருக்கற விதத்தைப் பாத்தா, கூடமாட ஆள் இல்ல, மாடு உதைக்குது, குளம்பு வளந்து நடையே மாறிப்போச்சு, யாரோ ஒரு வீடியோ அனுப்பிருக்காங்க, அதுல மாடு சிலையாட்டம் நிக்க ஒரே ஆள் ஹாயா வேலைய முடிக்கறார். சரிதானே? அந்த வீடியோல தெரியாததை நான் பக்கத்துல நின்னு பாத்துருக்கேன்.

மச்சான் பண்ணைல குளம்பு வெட்ட வந்தவர் தான் அதைக் கொண்டுவந்தார். பேட்டரில ஓடற சின்ன பெட்டி. ஒரு வயர்ல கிளிப்பு, அதை உதட்டுல மாட்டினார், இன்னொரு வயர் நுனில உலோகத்துல ஒரு குச்சி, அது ஆசனவாய்க்குள்ள போச்சு. குமிழை மெல்ல திருகத் திருக மாட்டுக்கு முதுகு விறைச்சு, கழுத்து முன்னால நீண்டு, நாலு காலும் இறுகி அப்படியே நின்னுடுச்சு. அவர் பாட்டுக்கு குளம்பைத் தூக்கி செதுக்க ஆரம்பிச்சுட்டார். நான் விலாவையே பாத்துட்டு இருந்தேன், மூச்சு ஏறி இறங்கறதே சரியா தெரியல. கண்ணு மட்டும் வெள்ளை தெரிய உருண்டுக்கிட்டு இருந்துது. "பாருங்க, கத்தவே இல்ல, அதுக்கு வலியே தெரியாது"ன்னார். எனக்கு வந்துச்சே கோபம். எப்படிய்யா கத்தும்? கரண்ட் தசையெல்லாத்தையும் சேத்து இழுத்துப் பிடிச்சிருக்கு, தொண்டையும் நெஞ்சும் கூட தசைதானே. வலியைக் கொண்டுபோற நரம்பும் முழிச்சிருக்கற மூளையும் அப்படியே தான் இருக்கு. மரத்துப்போகல, மயக்கமும் இல்ல, கட்டிப்போட்டதோட வாயையும் அடைச்ச கதை தான்.

நிறுத்தினதும் மாடு முட்டி மடங்கி தள்ளாடி, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குச்சு. அதுக்கப்புறம் வெறும் தடுப்பூசிக்கு அதே இடத்துக்கு ஓட்டிட்டு போனாலும் முன்னங்காலை ஊனிக்கிட்டு ஒரு அடி நகராதுன்னு தங்கச்சி புலம்பறா. மச்சானைக் கேட்டா "அதுக்கு திமிரு"ங்கறார். திமிராம்!

நான் டாக்டர் இல்ல, ஜீவகாருண்யம் பேசற ஆளும் இல்ல, மாட்டுகிட்ட உதை வாங்கி வாங்கி தொடைல தழும்பு இருக்கு. அதனால "ஃபேன் காத்துல உக்காந்து எழுதறான்"னு யாரும் வராதீங்க. இது என் ஒருத்தனோட உணர்ச்சிவசமும் இல்ல. மாடு ஆடுகளை எப்படி கையாளணும்னே வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ற டெம்பிள் கிராண்டின் 1986ல பெண் ஆடுகளை வெச்சு ஒரு சோதனை பண்ணிருக்காங்க. ஒரு வழில போனா உடம்பை அழுத்திப் பிடிச்சு சாய்க்கற மேஜை, இன்னொரு வழில போனா கரண்ட். ரெண்டுமே ஆட்டுக்கு பிடிக்காதது தான், ஆனா அனுபவப்பட்டதும் கரண்ட் பக்கத்தை விட்டு மேஜை பக்கமே போயிருக்கு. இங்கிலாந்துல 2007 விதிகள்ல அசையாம நிறுத்தறதுக்காக எந்த பண்ணை விலங்குக்கும் கரண்ட் கொடுக்கக் கூடாதுன்னே இருக்கு.

"மின்வேலி மட்டும் பரவாயில்லையா"ன்னு அடுத்து கேப்பாங்க. வேலில பட்டா மாடு சட்டுனு விலகிக்கும், அதோட முடிஞ்சுது. இதுல விலகவே முடியாது, அது தான் வித்தியாசம்.

சரி, வேலை எப்படி நடக்கும்? நல்ல இரும்புச் சட்டம் ஒண்ணு அடிங்க, தலை ஆடாம நிக்கற மாதிரி, வயித்துக்கு அடியில பட்டை போடற மாதிரி. வேலை இல்லாத நாள்லயும் அதுக்குள்ள தீவனம் வெச்சு பழக்குங்க, எங்க மாடுங்க கதவைத் திறந்தா தானா உள்ள போகுதுங்க, அதுல எனக்கு கொஞ்சம் பெருமை உண்டு, சொல்லிக்கறேன். கொம்பு சுடறதை கன்னு பொறந்து ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க, அப்போ கொம்பு மொட்டு மண்டையோட ஒட்டியிருக்காது. கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவுல ஓடற எலும்பு விளிம்புக்கு அடில டாக்டரை லிக்னோகைன்னு மரத்துப்போக வைக்கற ஊசி போடச் சொல்லுங்க, பத்து நிமிஷம் போல விட்டு, ஊசியால குத்திப் பாத்து மரத்துருக்குன்னு தெரிஞ்சப்புறம் சுடட்டும். மரப்பு போனதும் வலிக்கும், அதுக்கு மெலாக்சிகாம்ங்கற வலி மருந்து கேளுங்க, நீங்க கேக்கலன்னா பல பேர் போடறதே இல்ல. ரொம்ப முரட்டு மாடுன்னா அரை மயக்கமாக்கற சைலசின் ஊசி இருக்கு, ஆனா குதிரைக்கு போடற அளவுல பத்துல ஒரு பங்கே மாட்டுக்கு போதும், அதனால நீங்களா கை வெக்காதீங்க. அந்த மயக்கத்துல படுத்தா வயிறு உப்பிக்கும், நிறைமாச சினைன்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கடைசியா ஒண்ணு, இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லதான். குளம்புக் கத்தி சொந்தமா வாங்கி தீட்டி வெச்சுக்கோங்க. மழுங்கின கத்தில ஒரே இடத்தை திரும்பத் திரும்ப சுரண்டினா எந்த மாடும் உதைக்கத்தான் செய்யும். என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போன ஒரு மனுஷன் அதுல வயர் சீவிட்டு கொண்டுவந்து கொடுத்தார். கேட்டா "கத்தி தானேப்பா"ங்கறார். யாருக்கும் கொடுக்காதீங்க.