இலவச எக்ஸ்சேஞ்ச்: காசு எங்கே போகும்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்து மொத்த வியாபாரம், புதுச்சேரி நெல்லித்தோப்பில் கிளை. இரண்டிலும் சேர்த்து 14 எக்ஸ்டென்ஷன். ஐப்பசி இடியில் இபிஏபிஎக்ஸ் பெட்டி (கடைக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) போய்விட்டது. புதுசுக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஆஸ்டெரிஸ்க் என்று இலவசமாக ஒன்று இருக்கிறதாமே, போடலாமா?

பதில்: போடலாம். அது பிறந்த கதையே உங்கள் கதைதான். 1999-இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சின்ன கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுதிக்கொண்ட மென்பொருள் அது; கம்ப்யூட்டரையே எக்ஸ்சேஞ்ச் ஆக்கிவிடும். ஆனால் வெறும் ஆஸ்டெரிஸ்க்கைத் தொடாதீர்கள், எல்லாமே எழுத்துக் கோப்புகளாக இருக்கும். அதன் மேல் உட்காரும் ஃப்ரீபிபிஎக்ஸ் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் சேர்ப்பது, ‘ஆர்டருக்கு 1, பில்லுக்கு 2’ என்று பேசவைப்பது எல்லாம் பிரவுசரிலேயே முடியும். 14 எக்ஸ்டென்ஷனுக்கு ஓரளவு நல்ல பழைய கம்ப்யூட்டரே போதும். இதே வேலைக்கு ஃப்ரீஸ்விட்ச் என்றும் ஒன்று உண்டு. உங்கள் அளவுக்கு அது தேவையில்லை.

இரண்டு கடைக்கும் நடுவே பேச்சு இணையம் வழியாகத்தான் போகும், ஆனால் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பேச்சுக்கு நொடிக்குப் போக சுமார் 90 கிலோபிட், வர சுமார் 90 கிலோபிட் பிடிக்கும். பத்துப் பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் ஒரு மெகாபிட்தான்.

படுத்தப்போவது வேறு. நெல்லித்தோப்பில் மணி அடிக்கும், எடுப்பார்கள், நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு மொபைலில் கூப்பிடுவீர்கள். காரணம் இதுதான்: ‘மணி அடி’ என்ற தகவல் 5060 என்ற வாசல் (போர்ட்) வழியாகப் போகிறது. குரலோ தனியாக, வழக்கமாக 10000 முதல் 20000 வரை உள்ள வாசல்களில் ஏதோ ஒன்றில் வரும். நடுவில் நிற்கும் ரவுட்டருக்கு இது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் வெளியிலேயே நிறுத்திவிடும். ரவுட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்று, இணையப் பேச்சின் தகவலைத் திருத்தி அனுப்பும் வசதி ஒன்று இருந்தால் முதலில் அணையுங்கள். உதவிக்கு வந்து கெடுக்கிற சாதி அது.

முழு மருந்து, இரண்டு கடைக்கும் நடுவே விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை, போடுவது. அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்தான். கடலூர் பக்கம் மட்டும் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) கேட்டு வாங்குங்கள். அப்புறம் இரண்டு கடையும் ஒரே கட்டடம் மாதிரி.

விபிஎன் போடச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்த ஓரிடத்தில் அவசரத்துக்கு 5060-ஐ வெளியே திறந்துவிட்டார்கள். எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201. திங்கள் காலை லாகை (எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டை) திறந்தால் 100, 101, 102 என்று வரிசையாகக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறான் எவனோ. 201-இல் திறந்துகொண்டது. ஞாயிறு முழுக்க யாருமில்லாத கடையிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச்சு. பில் கட்டியது முதலாளி. ஆகவே பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறவனைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் ஓடட்டும், ஐஎஸ்டி தேவையில்லை என்றால் டிரங்கிலேயே (வெளி அழைப்புக்கான இணைப்பிலேயே) அடைத்துவிடச் சொல்லுங்கள்.

டிரங்க் என்றதும் ஒன்று. இணையம் வழி வரும் அந்த இணைப்பை, அதாவது சிப் டிரங்கை, உரிமம் உள்ள தொலைபேசி நிறுவனத்திடமே வாங்குங்கள். ‘வெளிநாட்டு காலை இணையத்தில் இறக்கி உங்கள் லைனில் விடுகிறோம், கமிஷன் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது சட்டப்படி குற்றம்.

பழைய சாதாரண (அனலாக்) போன்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஏடிஏ என்ற சின்னப் பெட்டியில் செருகினால் அப்படியே வேலை செய்யும். காசு போவது இந்தப் பெட்டிகளுக்கும், மாதா மாதம் அப்டேட் போட்டு பேக்கப் எடுக்கிற ஆளுக்கும்தான். அப்படி ஓர் ஆள் கைவசம் இல்லையென்றால் இந்த யோசனையை விட்டுவிட்டுப் புதுப்பெட்டியே வாங்குங்கள், தப்பில்லை.

கடைசியாக கரண்ட். பழைய போனுக்கு லைனிலேயே கரண்ட் வந்தது, இதற்கு வராது. 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயலை நினைத்துக்கொண்டு யுபிஎஸ் வாங்குங்கள். கம்ப்யூட்டரை மட்டும் அதில் போட்டுவிட்டு, சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியைச் சாதாரண பிளக்கில் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்துச் செருகுங்கள்.