தலையில் தண்ணீர் பட்டால் அலறும் பிள்ளைக்கு நீச்சல் கற்றுத்தரலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. தலைக்கு ஊற்றினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஆனால் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பான். நீச்சல் வகுப்பில், ‘தூக்கித் தண்ணீரில் போடுங்கள், பயம் தானாகப் போய்விடும்’ என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் மகனுக்குத் தண்ணீர் பிடிக்காமல் இல்லை, குழாயடியே அதற்குச் சாட்சி. கையில் படும் தண்ணீரை அவன் வேண்டும்போது விலக்கிக்கொள்ளலாம். தலையில் விழுவது சொல்லாமல் வருகிறது. கண், காது, மூக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. தொடு உணர்வு கூர்மையாக உள்ள பிள்ளைக்கு இது பிடிவாதம் அல்ல, உண்மையான வேதனை. தூக்கிப் போட்டால் மூக்கில் தண்ணீர் ஏறிப் புரையேறும். அப்புறம் குளத்தின் பக்கமே வரமாட்டான்.

வகுப்பைச் சில வாரம் தள்ளிவைத்துவிட்டு, வீட்டுக் குளியலறையில் தொடங்குங்கள். ஷவர் வேண்டாம். சிதறி விழும் துளிகள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி குத்துவதுபோல் இருக்கும். சொம்பிலிருந்து ஒரே சீராக வழியும் தண்ணீரைப் பலர் தாங்கிக்கொள்வார்கள். சொம்பை அவன் கையிலேயே கொடுங்கள். பாதம், முழங்கால், வயிறு, தோள், பின்கழுத்து என்ற வரிசையில் அவனே ஊற்றிக்கொள்ளட்டும். தலை கடைசியில்தான். நீங்கள் ஊற்றும் நாளில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி, மூன்றில் ஊற்றுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டிலேயே ஊற்றிவிடுவதுதான் பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒருமுறை அப்படி நடந்தாலும் அந்த எண்ணிக்கைமேல் பிள்ளைக்கு இருந்த நம்பிக்கை போய்விடும்.

முகம் துடைக்கச் சின்னத் துண்டு ஒன்று அவன் கையில் எப்போதும் இருக்கட்டும். முதலில் உடனே துடைக்கலாம், பிறகு மூன்று எண்ணி, அதன் பிறகு ஐந்து எண்ணி. இதோடு மூச்சுப் பழக்கமும் வேண்டும். அகலமான பாத்திரத்தில் நான்கு விரல் உயரம் தண்ணீர் வைத்து, பிங்பாங் பந்தை ஊதித் தள்ளச் சொல்லுங்கள். பிறகு உதடு நீரில் பட ஊதட்டும். கடைசியில் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ராகம் இழுக்கட்டும். அப்போது காற்று மூக்கு வழியே வெளியே வருவதால், முகம் நனைந்தாலும் தண்ணீர் உள்ளே ஏறாது. இது கைவந்துவிட்டால் பாதி நீச்சல் வந்த மாதிரி. பாத்திரத்தில் நாலு விரல் தண்ணீர்தானே என்று அவனைத் தனியாக விட்டுவிட்டு மட்டும் எழுந்து போகாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 5 வயது, ஆட்டிசம் உண்டு. தண்ணீர் என்றால் உயிர். ஆனால் நீச்சல்குளத்துக்குள் நுழைந்ததும் காதைப் பொத்துகிறாள், நீச்சலுடையைக் கழற்றி எறிகிறாள், மல்லாக்கப் படுக்கவைத்தால் கத்துகிறாள்.
- வாசகர், மதுரை

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கூரை போட்ட குளத்தில் விசிலும் கூச்சலும் சுவரில் மோதி எதிரொலிக்கும். கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். விசில் ஊதாமல் கைச்சைகை காட்டும்படி பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். ஒருவேளை வாடையும் தொந்தரவாக இருக்கலாம். மூக்கைத் துளைக்கும் வாடை குளோரின் அதிகம் என்பதற்கு அடையாளம் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் குளோரமினின் வாடை அது. பராமரிப்பு நன்றாக உள்ள குளத்தில் வாடை குறைவாகவே இருக்கும். தண்ணீரைச் சோதித்த பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்: பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருக்க வேண்டும். தண்ணீர் 30 முதல் 32 டிகிரி இருந்தால் சிறு பிள்ளைகளுக்கு இதம். மார்கழிக் காலையில் திறந்தவெளிக் குளம் வேண்டவே வேண்டாம்.

உடைக்கு, உடலோடு ஒட்டும், இழுபடும் லைக்ரா துணியில் தைத்த முழுக்கை உடை நல்லது. சீரான அழுத்தம் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். லேபிளை வெட்டிவிட்டு, முதலில் வீட்டில் உலர்ந்தபடியே கால் மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். தொப்பி ரப்பரில் வேண்டாம், முடியைப் பிடித்து இழுக்கும். துணித் தொப்பி போதும்.

மல்லாந்து மிதப்பதைப் பல இடங்களில் முதல் பாடமாக வைக்கிறார்கள். இவளுக்கு அது கடைசிப் பாடமாக இருக்க வேண்டும். காது மூழ்கியதும் ஓசை மாறுகிறது, தலை பின்னால் சாய்ந்ததும் உட்காதின் சமநிலை உணர்வு கலங்குகிறது. நீங்கள் தோளளவு நீரில் அமர்ந்து, அவள் தலையை உங்கள் தோளில், கன்னத்தோடு கன்னம் வைத்துச் சாயுங்கள். காது நீருக்கு மேலேயே இருக்கட்டும். அவள் உடல் தளர்ந்த பிறகு, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு விரற்கடை மட்டும் தாழ்த்துங்கள். வகுப்பு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பயிற்சியாளரும் பாட வரிசையும் மாறக் கூடாது.

தண்ணீர் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போவதால் மூழ்கும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிட அதிகம். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. காற்றடைத்த கைப்பட்டை பாதுகாப்புச் சாதனம் அல்ல. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டுத் தொட்டி, கிணறு, சம்ப் எல்லாவற்றுக்கும் பூட்டும் மூடி போடுங்கள்.

கேள்வி: காதில் சீழ் வந்து ஆறிய பிள்ளை. அடைப்பான் வைத்து நீச்சலுக்கு அனுப்பலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு அனுப்புங்கள். அடைப்பான் தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும். வலிப்பு வந்த பிள்ளையாக இருந்தால், நரம்பியல் மருத்துவரின் அனுமதி இல்லாமல் குளத்தில் இறக்க வேண்டாம்.