பனாமா நீர்ப்பூட்டுப் பழம்படங்கள்: இடத்தையும் ஆண்டையும் எப்படிக் கண்டறிவது?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கட்டில் பனாமா கால்வாயின் நீர்ப்பூட்டுகளை, அதாவது நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறைகளைக் காட்டும் சில அஞ்சலட்டைகளும் கருப்பு வெள்ளை ஒளிப்படங்களும் கிடைத்தன. எதிலும் ஆண்டு இல்லை. எந்த நீர்ப்பூட்டு என்ற குறிப்பும் இல்லை. இவற்றின் இடத்தையும் காலத்தையும் எப்படி உறுதிசெய்வது? கட்டுரை ஒன்றில் இவற்றை வெளியிடலாமா?

பதில்: பழம்படம் கைக்கு வந்ததும் பலரும் அட்டையின் பின்புறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பனாமாப் படங்களைப் பொறுத்தவரை முன்புறத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அந்தக் கட்டுமானத்தின் ஒவ்வொரு பகுதியும் எப்போது வந்தது, எப்போது நீக்கப்பட்டது என்பது பெரும்பாலும் பதிவாகியிருப்பதால், சட்டகத்துக்குள் இருக்கும் பொருள்களே காலத்தைச் சொல்லிவிடும். ஒரே ஆண்டைத் தேடி அலையாமல், ‘இதற்கு முன்பு இருக்க முடியாது’, ‘இதற்குப் பின்பு இருக்க முடியாது’ என்ற இரண்டு எல்லைகளைத் தேடுங்கள்.

முதலில் இடம். அட்லாண்டிக் பக்கத்துக் காத்தூனில் மூன்று படிகள் தொடர்ச்சியாக அமைந்து கப்பலை ஏறக்குறைய 26 மீட்டர் உயர்த்துகின்றன. பசிபிக் பக்கத்தில் பெத்ரோ மிகேலில் ஒரு படியும், சிறிய ஏரி ஒன்றைத் தாண்டி மிராஃப்ளோரெஸில் இரண்டு படிகளும் உள்ளன. மூன்று இடங்களிலும் இரண்டு வழித்தடங்கள் இணையாகச் செல்வதால், பக்கவாட்டில் தெரியும் அறைகளைப் படிகளாக எண்ணிவிடக் கூடாது. படிகள் தெரியாத நெருக்கமான படமாக இருந்தால், கதவுகள் மூடிய நிலையில் எந்தத் திசையில் கூம்பி நிற்கின்றன என்று பாருங்கள். இரட்டைக் கதவின் முனை எப்போதும் உயர்ந்த நீர் இருக்கும் பக்கத்தையே நோக்கும். ஆகவே ஏரி எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கண்ணாடித் தகட்டு எதிர்மறையை (நெகட்டிவை) யாரேனும் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், படத்தில் ஏதேனும் எழுத்து இருந்தால் அது நேராக வாசிக்கக் கிடைக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கட்டுமானக் காலத்துப் படங்களில் இடம் காண இன்னும் எளிய வழி உண்டு. காத்தூனில் கோபுரங்களுக்கு இடையே கட்டிய கம்பிவடங்களில் கான்கிரீட் தொட்டிகள் தொங்கியபடி சென்றன. பசிபிக் பக்கத்தில் தண்டவாளத்தில் நகரும் பிரம்மாண்டமான எஃகுப் பாரந்தூக்கிகள் அந்த வேலையைச் செய்தன. வானத்தின் குறுக்கே வடங்கள் தெரிந்தால் அது காத்தூன் என்றே கொள்ளலாம்.

இனி காலம். காத்தூனில் முதல் கான்கிரீட் 1909 ஆகஸ்டில் இடப்பட்டது. கதவுகளுக்கான ஒப்பந்தத்தைப் பிட்ஸ்பர்க் நகரத்து மெக்கிளின்டிக்-மார்ஷல் நிறுவனம் பெற்று, 1911 முதல் 1913 வரையில் அவற்றை அங்கேயே கோத்து நிறுத்தியது. ஒற்றைக் கதவின் அகலம் ஏறக்குறைய 20 மீட்டர். தடிமன் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். உயரம் இடத்தைப் பொறுத்து 14 முதல் 25 மீட்டர் வரை. பசிபிக்கின் கடல் ஏற்றவற்றம் பெரிது என்பதால் மிக உயரமான கதவுகள் மிராஃப்ளோரெஸின் கடல்பக்கத்தில் உள்ளன. பாதி தகடு அடித்த கதவும் சாரத்தில் நிற்கும் ஆட்களும் தெரிந்தால் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வைக்கலாம். 1913 செப்டம்பர் 26 அன்று ‘காத்தூன்’ என்ற இழுவைப் படகுதான் காத்தூன் நீர்ப்பூட்டில் முதலில் ஏறியது. ‘ஆன்கான்’ கப்பலோடு கால்வாய் முறையாகத் திறக்கப்பட்ட நாள் 1914 ஆகஸ்ட் 15.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அறை வறண்டு, தரையில் நீர்வரும் துளைகள் தெரிகின்றன என்பதாலேயே படத்தைக் கட்டுமானக் காலத்தது என்று முடிவுகட்டுகிறார்கள். விற்பவர்களும் அப்படியே விலை சொல்கிறார்கள். பராமரிப்புக்காக இந்த அறைகள் பின்னாளிலும் பலமுறை வடிக்கப்பட்டுள்ளன. சுவரில் நீர்மட்டக் கறை படிந்திருந்தால் அது பழுதுபார்ப்புப் படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மற்றொரு நல்ல தடயம், கதவு பழுதானால் நீரைத் தடுக்க வைத்த அவசரகால அணை. மேல்முனைச் சுவரின்மீது, திறந்துமூடும் பாலத்தைப் போன்ற ஒரு எஃகுச் சட்டம் நிற்பது தெரிந்தால், படம் 1930களின் இறுதிக்கு முற்பட்டது. அதன்பின் அறைத் தரையிலிருந்து எழும் வேறு அமைப்பு வந்தது. கப்பலை இழுக்கும் முதல் மின் என்ஜின்கள் ஜெனரல் எலக்ட்ரிக் செய்தவை. 1960களில் மிட்சுபிஷி என்ஜின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பக்கவாட்டில் உருண்டு நகரும் கதவு தெரிந்தால் வரலாற்றுப் படம் என்ற ஆசையை விட்டுவிடலாம். அது 2016இல் திறந்த புதிய நீர்ப்பூட்டு.

இதற்குப் பிறகே அட்டையைத் திருப்புங்கள். பின்புறம் முகவரிக்கும் செய்திக்கும் எனப் பிரிக்கப்பட்டிருந்தால், அமெரிக்க அட்டைகளில் அது 1907க்குப் பிற்பட்டது. வெள்ளை விளிம்பு பெரும்பாலும் 1915 முதல் 1930 வரையிலான வழக்கம்; துணி போன்ற மேற்பரப்பு 1930, 40களுக்கு உரியது. ஆனால் இவை அச்சான காலத்தையே காட்டும். 1913இல் எடுத்த படத்தை வண்ணம் பூசிப் பத்தாண்டு கழித்தும் விற்றிருக்கிறார்கள். அஞ்சல் முத்திரைத் தேதி பின் எல்லையை மட்டுமே தரும். வண்ணத்தை ஒருபோதும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

ஒளிப்படங்களின் அடியில் வெள்ளை எழுத்தில் இடமும் தேதியும் தெரிந்தால் அது அரசு ஒளிப்படக்காரர் எர்னஸ்ட் ஹாலன் எடுத்ததாக இருக்கலாம். 1907 முதல் அவர்தான் கால்வாய்ப் பணியைப் படமெடுத்தார். அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகம், காங்கிரஸ் நூலகம், ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் உங்கள் படத்தின் இணையைத் தேடுங்கள். சுவர் விளிம்பு, விளக்குக் கம்பம், பின்னணிக் குன்று ஆகிய மூன்றும் பொருந்தினால் ஐயம் வேண்டாம். கையில் இருப்பது கற்பாள அச்சு ஓவியமா (லித்தோகிராஃப்) என்றும் உருப்பெருக்கியில் பாருங்கள்; அமெரிக்க ஓவியர் ஜோசஃப் பென்னல் 1912இல் இதே நீர்ப்பூட்டுகளை வரைந்து வெளியிட்டார்.

வெளியிடுவதைப் பொறுத்தவரை, அமெரிக்க அரசு ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. இந்தியச் சட்டம் ஒளிப்படத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகளே பாதுகாப்புத் தருகிறது. தனியார் அட்டைகளுக்கு நீங்கள் கண்டறியும் ஆண்டுதான் இதையும் தீர்மானிக்கும். காப்பகத்தின் மின்வடிவத்தைப் பயன்படுத்துவதானால் அதன் நிபந்தனைகளைப் படித்து, கோப்பு எண்ணோடு நன்றி குறிப்பிடுங்கள். படக்குறிப்பில் ‘1913’ என்று துணிந்து எழுதாமல், ‘1911க்கும் 1913க்கும் இடையில், காத்தூன், கம்பிவடங்களையும் கதவுச் சாரத்தையும் கொண்டு கணித்தது’ என்று காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.