மூடியின் நிறமும் ஊற்றக் கூடாத ரத்தமும்: கேள்வி பதில்

மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், ரத்தப் பரிசோதனை குறித்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.

தஞ்சாவூர் வாசகர்: என் தாயாருக்கு ஒரே நேரத்தில் நான்கு குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு குழாயில் எடுத்துப் பிரித்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: கூடாது. ஒவ்வொரு குழாயும் வெவ்வேறு வேலைக்கானது. ஊதா மூடிக் குழாயிலுள்ள ஈடிடிஏ என்னும் உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையாமல் காப்பதால், அணுக்களை எண்ணுவதற்கும் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கும் அது ஏற்றது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிட்டுப் பிரியும் சீரம் என்னும் தெளிந்த நீரில் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கிறோம். வெளிர்நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும். கோடு வரை நிரம்பாவிட்டால் உறையும் நேரம் பொய்யாக நீளும். சாம்பல் மூடிக் குழாயின் ஃபுளோரைடு, அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கிறது. அது இல்லாமல் வைத்திருந்தால் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும்.

சேலம் வாசகர்: வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் தண்ணீர் குடிக்கலாமா?

பதில்: தாராளமாகக் குடிக்கலாம். எட்டு மணி நேரம் உணவு கூடாது. சர்க்கரை போடாத காப்பியும் கூடாது.

திருச்சி வாசகர்: என் தந்தைக்குப் பொட்டாசியம் 7.1 என்று அறிக்கை வந்தது. பதறிப்போய் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே மறுபடி எடுத்தபோது 4.3. இப்படியும் நேருமா?

பதில்: நேரும், அதைத் தவிர்த்திருக்கவும் முடியும். அந்த முதல் அறிக்கையில் கால்சியமும் அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியும் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால், ஊதாக் குழாயின் ரத்தம் சீரக் குழாயில் கலந்திருக்க வேண்டும், ஏனெனில் ஈடிடிஏ பெரும்பாலும் பொட்டாசிய உப்பாகவே இடப்படுகிறது. ஒரு குழாயில் அளவு குறைந்தால் இன்னொன்றிலிருந்து ஊற்றி நிரப்பும் பழக்கமே இதற்கு முக்கியக் காரணம். நான் பணியாற்றிய ஓரிடத்திலேயே இதைக் கண்டு கடிந்திருக்கிறேன். அவை குறையவில்லை என்றால், சிவப்பணுக்கள் சிதைந்திருக்கலாம், அல்லது கையை மீண்டும் மீண்டும் இறுக மூடித் திறக்கச் சொல்லியிருக்கலாம். எக்காரணம் கொண்டும் ஒரு குழாயிலிருந்து மற்றொன்றுக்கு ரத்தத்தை ஊற்றக் கூடாது.

பயிற்சி மாணவர்: சீரக் குழாயை முதலிலும் ஊதாவைப் பின்னரும் எடுக்க வேண்டும் என்ற வரிசை பழைய காலத்து விதி அல்லவா? ரத்தத்தைத் தானே உள்ளிழுக்கும் வெற்றிடக் குழாய்களில் கலப்பே நேராது என்கிறார்களே?

பதில்: உங்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. மூடிய வெற்றிட முறையில் முறைப்படி எடுத்தால் கலப்பு மிகக் குறைவுதான். ஆனால் நம் ஊர்களில் இன்னும் பல இடங்களில் சிரிஞ்சில் எடுத்து, மூடியைத் திறந்து பீய்ச்சுகிறார்கள். ஊசி முனை ஈடிடிஏயைத் தொட்டுவிட்டு அடுத்த குழாய்க்குப் போகிறது.

பயிற்சி மாணவர்: அப்படியானால் தவறு சிரிஞ்சில்தானே, வரிசையில் இல்லையே?

பதில்: தவறு எங்கிருந்தாலும், அதன் விளைவைத் தடுக்கும் செலவில்லாத வழி வரிசைதான். ரத்தக் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பதற்கான புட்டி), வெளிர்நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல் என்ற ஒழுங்கு கைக்குப் பழகிவிட்டால், நோயாளி நெளியும்போதும், வரிசையில் முப்பது பேர் காத்திருக்கும்போதும் அது தப்பாது. நல்ல கருவியை நம்பிப் பழக்கத்தைக் கைவிட்டவர், கருவி இல்லாத நாளில் ஊற்றத் தொடங்குவார். ஊற்றாதீர்கள்.

மதுரை வாசகர்: எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆனால் அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ அதன் எண்ணை அப்படியே நம்ப முடியாது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நெல்லை வாசகர்: தைராய்டுக்கும் வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

பதில்: தேவையில்லை. பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை உட்கொள்பவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சில கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடும்.

கோவை வாசகர்: காய்ச்சலோ ரத்தக்கசிவோ இல்லாத என் மகளுக்குத் தட்டணுக்கள் 40,000 என்று வந்துள்ளது. டெங்குவா?

பதில்: டெங்குவா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இன்றே காட்டுங்கள். சிலருடைய ரத்தத்தில் ஈடிடிஏ காரணமாகவே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி அவற்றைக் குறைவாக எண்ணும். கண்ணாடிச் சில்லில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கவும், சிட்ரேட் குழாயில் மறுபடி எண்ணவும் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் காப்பி குடிக்கலாமா?

பதில்: கூடாது. சேலம் வாசகருக்கான பதிலிலேயே இது இருக்கிறது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.